‘கேம்பஸ்ல வேலை’ன்னா பிளேஸ்மென்ட் மட்டும்தானா? படிக்கும் கல்லூரியிலேயே சம்பாதிக்க முடியுமா?

“கேம்பஸ்ல வேலை கிடைச்சிருச்சு” என்று நம்ம ஊரில் ஒரு மாணவர் சொன்னால், வீட்டில் உடனே ஸ்வீட் வாங்கிவிடுவார்கள். கடைசி வருஷம், இஸ்திரி போட்ட ஃபார்மல் சட்டை, ஆப்டிட்யூட் டெஸ்ட், ஹெச்.ஆர். ரவுண்டு, ஆஃபர் லெட்டர். தமிழ்நாட்டில் ‘கேம்பஸ்’ என்ற சொல்லுக்கு இதுதான் அர்த்தம்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போன நண்பர் இதே வாக்கியத்தைச் சொன்னால் விஷயம் வேறு. அவர் பல்கலைக்கழக நூலக கவுன்ட்டரில் உட்கார்ந்து புத்தகம் வாங்கி வைக்கிறார். அல்லது மெஸ்ஸில் தட்டு கழுவுகிறார். அல்லது ஜூனியர் மாணவர்களின் அசைன்மென்ட் திருத்துகிறார். மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். படிக்கும் இடத்திலேயே, படிக்கும்போதே, வகுப்பு இல்லாத நேரத்தில் செய்யும் வேலை.

இந்த இரண்டாவது அர்த்தம் நம்ம கல்லூரிகளில் ஏன் காணோம்? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகாமலா இருக்கிறார்கள்? போகிறார்கள். கேட்டுக்கு வெளியே போகிறார்கள்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பிறகு

சென்னையின் பல கலை அறிவியல் கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. முதல் ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது அதற்குப் பிறகு தொடங்கி மாலை வரை போகும். இட நெருக்கடிக்காக வந்த ஏற்பாடு இது. ஆனால், காசு தேவைப்படும் மாணவருக்கு இதைவிட வசதியான டைம்டேபிள் கிடையாது. ஷிப்ட்-1 பையன் மதியம் சாப்பிட்டுவிட்டு இரவு பத்து வரை வேலை பார்க்கலாம். ஷிப்ட்-2 என்றால் காலை முழுக்க ஃப்ரீ.

என்ன வேலை? டெலிவரி ஆப், பைக் டாக்ஸி. தீபாவளி, பொங்கல் சீசனில் குரோம்பேட்டை, தி.நகர் ஜவுளிக்கடைகள். சூப்பர் மார்க்கெட் பில்லிங். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். சானடோரியம் பக்கம் மெப்ஸ் வளாகத்திலும் ஓ.எம்.ஆரிலும் பி.பி.ஓ. நைட் ஷிப்ட். இது எல்லாவற்றுக்கும் மூத்த வேலை ஒன்று உண்டு: கேட்டரிங். முகூர்த்த நாள் வந்தால் மண்டபத்தில் பந்தி பரிமாற ஆள் வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தேதி போடுவார். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, முதல் நாள் ராத்திரியே ஆஜர். சாப்பாடும் கூலியும் அன்றைக்கே கையில். எத்தனையோ பேருடைய செமஸ்டர் ஃபீஸ் இப்படி சாம்பார் வாளியைத் தூக்கித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கேட்டால் நான்கில் ஒரு சீனியராவது “நானும் போயிருக்கேன்” என்பார்.

இதில் கேவலம் எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு மண்டபத்தில் இலை எடுத்தவருக்குக் காலை எட்டரைக்கு முதல் ஹவர். 75 சதவீத வருகைப் பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதில் சிக்கல். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் கண்டனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். அதாவது, ஃபீஸ் கட்ட வேலைக்குப் போய், வேலைக்குப் போனதற்காக இன்னொரு ஃபீஸ். மழை இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் டெலிவரி பையோடு போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அடிபட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி.

பெண்களுக்கு இந்த வாய்ப்பும் பாதிதான். லேடீஸ் ஹாஸ்டல்களில் ‘இன்-டைம்’ இருக்கிறது. மாலை அந்த நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மதியம் வகுப்பு முடிந்து, வேலை தேடி, பார்த்து, திரும்பி வர மிஞ்சும் நேரம் எவ்வளவு? வீட்டிலிருந்து வருபவர் என்றால் செங்கல்பட்டு லோக்கல் ரயிலின் டைமிங். வளாகத்துக்குள்ளேயே வேலை இருந்தால் அதிகம் பயன்பெறப் போவது இவர்கள்தான். ‘கேம்பஸ் ஜாப்’ பற்றிய பேச்சில் இது ஏனோ கடைசியாகத்தான் வருகிறது.

சம்பளம்: ஒரு ஓ.டி.

கல்லூரிக்குள் மாணவர்கள் வேலையே செய்வதில்லை என்று நினைக்க வேண்டாம். தாராளமாகச் செய்கிறார்கள். சம்பளம்தான் இல்லை.

தேசிய கருத்தரங்கு என்றால் பதிவு கவுன்ட்டரில் உட்காருவது யார்? கல்ச்சுரல்ஸ் வந்தால் ஸ்பான்சர் தேடி கடை கடையாக ஏறி இறங்குவது யார்? அட்மிஷன் நேரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, டிபார்ட்மென்ட் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ணுவது, நாக் கமிட்டி வரும்போது ஐந்து வருஷத்து ஃபைலையும் எக்செல் ஷீட்டில் ஏற்றுவது? எல்லாம் மாணவர்கள். பதிலுக்குக் கிடைப்பது ஓ.டி., அதாவது அந்த நேரத்து வகுப்புக்கு ஆன் டியூட்டி. கூடவே ஒரு சர்டிபிகேட், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பிரியாணிப் பொட்டலம்.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வருகைப் பதிவுதான் இங்கே நாணயம். அதைக் கல்லூரியே அச்சடிக்கிறது, அதனால் செலவு கிடையாது.

என்.எஸ்.எஸ். போன்றவை வேறு கணக்கு. 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். அது சேவை, காசு கேட்க முடியாது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாடம் படித்துக் காட்டுவதும், பரீட்சையில் ஸ்க்ரைபாக எழுதுவதும் பெரும்பாலும் மனமுவந்து செய்யும் வேலைகள்தான். ஆனால் நாக் ஃபைல் டேட்டா என்ட்ரியை சேவை என்று சொல்வது கொஞ்சம் ஓவர்.

ரூல் இருக்கிறதா?

வழிகாட்டுதல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., சமூக, பொருளாதார ரீதியாகப் பின்தங்கிய மாணவர்களுக்கான தன் வழிகாட்டுதல் வரைவில், ‘படித்துக்கொண்டே சம்பாதிக்கும்’ திட்டத்தை உயர்கல்வி நிறுவனங்கள் நடத்தலாம் என்று சொன்னது. நூலகம், ஆய்வகம், கம்ப்யூட்டர் சேவை, ஆராய்ச்சி உதவி போன்ற இடங்களில் மாணவர்களைப் பகுதி நேரமாக அமர்த்தலாம். மணிக்கணக்கில் ஊதியம். வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், மாதத்துக்கு 20 நாள். வேலை வகுப்பு நேரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

நாளுக்கு 4 மணி நேரம், வாரம் 5 நாள் என்று வைத்தால் மாதம் 80 மணி நேரம். ஷிப்ட் கல்லூரிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற கணக்கு. ஆனால் ‘நடத்தலாம்’ என்பது ‘நடத்த வேண்டும்’ அல்ல. காசு யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பேச்சு நின்றுவிடுகிறது.

இந்தியாவில் எங்கேயாவது நடக்கிறதா?

நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. மகாராஷ்டிராவின் சாத்தாரா பகுதியில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். ஏழை விவசாயிகளின் பிள்ளைகள், எல்லாச் சாதியினரும் ஒரே விடுதியில். 1927-ல் காந்தி அந்த விடுதிக்கு வந்து, சாகு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார். பிள்ளைகள் வயலில் வேலை செய்தார்கள், சமையலில் கைகொடுத்தார்கள், படித்தார்கள். யாரிடமும் கையேந்தாமல் படிக்க வேண்டும் என்பது பாட்டீலின் பிடிவாதம். 1947-ல் அதே அமைப்பு சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரியைத் தொடங்கியபோதும் இந்த முறை தொடர்ந்தது. இன்று புனே பல்கலைக்கழகத்தின் ‘உழைத்துப் படி’ திட்டம் பாட்டீல் பெயரில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மாணவர் துறை அலுவலகத்தில் ஃபைல் அடுக்குவதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

புதிய உதாரணம் டெல்லி பல்கலைக்கழகம். துணைவேந்தர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று பெயர். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 8 முதல் 10 மணி நேரம் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். கோடை விடுமுறையில் வாரம் 15 முதல் 20 மணி நேரம், தொடக்கத்தில் மாதம் 10,000 ரூபாய். மணிக்கு வகுத்துப் பார்த்தால் அந்த செமஸ்டர் சம்பளம் சுமார் 115 முதல் 145 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் பெட்ரோல் செலவு இல்லை, ரேட்டிங் பயம் இல்லை, ராத்திரி கண்விழிப்பு இல்லை.

தென் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு, அதை நாம் ‘வேலை’ என்று அழைப்பதில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் லேப் நடத்துவது, பேப்பர் திருத்துவது போன்ற துறை வேலைகள். டி.ஏ.ஷிப் என்பார்கள். நிஜத்தில் இது கேம்பஸ் ஜாப்தான். பி.எச்டி.யில் ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆக, மேலே போகப் போக வளாகத்துக்குள் காசு இருக்கிறது. இளங்கலை படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்குத்தான் அது இல்லை.

அவருக்கு அரசு தருவது என்ன? அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. பஸ், ரயில், ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று பார்த்தால் கைகொடுக்கிற பணம்தான். ஒரு நாளைக்கு 33 ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கு அது போதுமா என்பது எந்த கேன்டீனில் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமுக்கு அந்தக் காலத்தில் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே எம்.ஐ.டி. வாசலில் இன்று ரயில் இறங்கும் பல பேரின் வீட்டிலும் கதை இன்னும் நகைக்கடன் ரசீதில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது. 1920-களில் டெக்சாஸின் சான் மார்கோஸ் நகரில் லிண்டன் ஜான்சன் என்ற ஏழை மாணவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காக வளாகத்தில் குப்பை பொறுக்கினார், கூட்டிப் பெருக்கினார், பிறகு கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் எடுபிடி. பிற்காலத்தில் அவர் அமெரிக்க அதிபர். 1964-ல் அவர் கையெழுத்திட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்தில்தான், கல்லூரி மாணவர்களின் சம்பளத்தில் பெரும்பங்கை மத்திய அரசே ஏற்கும் ‘ஒர்க் ஸ்டடி’ திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட, தான் பெருக்கிய அதே கல்லூரிக்கே போனார்.

கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி இன்னும் ஒரு படி மேலே. 1892 முதல் அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தே ஆக வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேதம் துடைப்பத்திடம் இல்லை.

எம்.எஸ். கனவில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். ஒர்க் ஸ்டடி திட்டம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆனால் எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் வளாகத்துக்குள் வேறு வேலைகள் பார்க்கலாம். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். வேலை உறுதியான பிறகு, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகக் கடிதத்தோடு சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், பல மாநிலங்களில் இதைவிட அதிகம். 7.25 என்றே வைத்தாலும் 20 மணி நேரத்துக்கு வாரம் 145 டாலர். மளிகைச் செலவுக்கும் போனுக்கும் ஆகும். ஃபீஸ் கட்ட ஆகாது. “அங்க போய் பார்ட் டைம் பார்த்து லோனை அடைச்சிரலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்க்கிலும் ஓட்டலிலும் ‘கேஷ்’ வேலை என்பது விசாவையே பறிக்கக்கூடிய விஷயம்.

மற்ற நாடுகளில் வளாகம், வெளியிடம் என்ற பேதம் இவ்வளவு கறார் இல்லை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரம் 20 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48.

பிறகு இங்கே ஏன் இல்லை?

‘படிக்கிற பிள்ளை வேலைக்குப் போகணுமா’ என்ற கௌரவப் பிரச்சினைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பந்தி பரிமாறப் போகும் பையனின் வீட்டில் அது தெரியும், தடுப்பதும் இல்லை. சொந்தக் கல்லூரியில், சொந்த கிளாஸ்மேட் முன்னால் மேசை துடைப்பதற்குத்தான் தயக்கம். அது நிஜம். ஆனால் நூலக கவுன்ட்டரில் உட்காருவதற்கு யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

பெரிய தடை பணமும் பயமும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர், அலுவலக ஊழியர் இடங்கள் காலியானால் நிரப்பத் தாமதமாவது பழைய குறை. அந்த இடத்தில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று மாணவரை உட்கார வைத்துவிட்டால், நிரந்தர வேலை நிரந்தரமாகவே போய்விடும் என்ற ஊழியர்களின் பயம் நியாயமானது. தனியார் கல்லூரியில் கேள்வி வேறு: உதவித்தொகை என்ற பெயரில் மலிவான ஆள் பிடிக்க இது வழியாகிவிடாதா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாத, மறுத்துப் பேச முடியாத, இன்டர்னல் மார்க்குக்குப் பயந்த தொழிலாளி எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? வேலை கொடுப்பவரே மார்க் போடுபவராகவும் இருக்கிறார் என்பதுதான் கேம்பஸ் ஜாப்பின் ஆபத்தான முனை. அதனால் மணிக்கணக்கு உச்சவரம்பும், ரேட் எழுத்தில் இருப்பதும் கட்டாயம்.

செய்ய வேலை இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1837-ல் நகருக்குள் தொடங்கி 1937-ல் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. வளாகம் சுமார் 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன. மில்லர் நினைவு நூலகம், சேலையூர், தாமஸ், ஹீபர் என்று பழைய விடுதிகள், ஆய்வகங்கள். இப்படி ஒரு வளாகத்தில் மரக் கணக்கெடுப்பு, பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்வது, முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம், கணக்கு சொல்லித்தருவது என்று மாணவர் கைக்கு ஏற்ற வேலைக்கு என்ன பஞ்சம்? அவை எந்த ஊழியரின் இடத்தையும் பறிக்காதவை. கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் முதலிடத்துக்கு உரியது. சீனியர் சொல்லிக்கொடுத்தால் ஜூனியர் கேள்வி கேட்கக் கூச்சப்படுவதில்லை.

நீங்க மாணவராக இருந்தால்

முதலில் கேட்க வேண்டிய ஆள் பிரின்சிபல் அல்ல. உங்கள் துறைத் தலைவர், நூலகர், மாணவர் நலன் டீன், இந்த மூவரில் ஒருவர். எந்தப் பேராசிரியரிடமாவது நிதி உதவி பெறும் ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். சர்வே எடுக்க, டேட்டா பதிய ஆள் வைக்க அந்தத் திட்ட நிதியிலேயே இடம் இருக்கக்கூடும். இளங்கலை மாணவரை யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. யு.ஜி.சி. சொன்ன 20 மணி நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு எளிது.

வேலை கிடைத்தால், மணிக்கு எவ்வளவு, மாதம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் வரும் என்பதை ஒரு மெயிலிலாவது வாங்கி வையுங்கள். ஏற்கெனவே வாங்கும் அரசு உதவித்தொகை பாதிக்கப்படுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இன்டர்னல், செமஸ்டர் தேர்வு வாரங்களில் விடுப்பு உண்டா என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். வேலை பார்த்த மணி நேரத்தை நீங்களே தனியாக ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

அப்புறம், சார் வீட்டு கரண்ட் பில் கட்டுவது, மேடம் பையனை ஸ்கூலில் விடுவது கேம்பஸ் ஜாப் கிடையாது. அதற்கு ஓ.டி.யும் தர மாட்டார்கள்.